‘புரிந்தது’ என்னும் சொல்லின் கனம்

ஒருவர் சொன்னதைப் புரிந்துகொண்டோம் என்பதும் அதற்கு உடன்பட்டோம் என்பதும் ஒன்றல்ல. ஆயினும், அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் எளிதில் கலந்துவிடுகின்றன. நம்முடைய ‘சரி’ இரண்டுக்கும் பொது. ஸ்பெயினில் மூச்சுக்கு மூச்சு கேட்கும் ‘பாலே’ என்ற சொல்லும் அவ்வாறே. அதன் லத்தீன் மூலத்திற்கு வலிமையுடன் இரு என்று பொருள். ரோமானியர் அதைச் சொல்லியே விடைபெற்றனர். 1615இல் வெளிவந்த ‘டான் குயிக்ஸாட்’ இரண்டாம் பாகத்தைச் செர்வான்டெஸ் முடிப்பதும் அந்த விடைபெறும் சொல்லில்தான். ‘கிளாரோ’ என்பதற்குத் தெளிவு, ஒளி என்று பொருள். நாம் ‘விளங்குகிறது’ என்னும்போதும் ஒளியையே சொல்கிறோம் அல்லவா?

இவற்றினும் அழுத்தமானது ‘எந்தெந்தேர்’, அதாவது புரிந்துகொள்ளுதல். லத்தீனில் அதன் மூலம் ஒன்றை நோக்கி நீட்டுதலைக் குறித்தது. பிரெஞ்சில் அதே சொல் காதால் கேட்டல் என்றாகிவிட்டது. கேட்டலுக்கும் புரிதலுக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவை ஸ்பானிய அரசே ஒருமுறை இல்லையென்று ஆக்கிற்று.

1513 அளவில் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் எழுதிய ‘ரெக்கெரிமியெந்தோ’ என்னும் அறிவிப்பைப் பற்றிச் சொல்கிறோம். அமெரிக்கப் பழங்குடிகளைத் தாக்குமுன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். போப்பாண்டவர் உங்கள் நிலத்தைக் காஸ்டீலிய அரசர்க்கு அளித்துவிட்டார். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆலோசிக்க வேண்டிய அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் போரும் அடிமைத்தனமும் நேரும், பழி உங்களுடையதே என்பது அதன் சாரம். படித்ததற்கு எழுத்தர் சான்று தரவேண்டும். படித்த மொழி ஸ்பானியம்! கேட்டவர்க்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.

1514இல் பெத்ராரியாஸ் படையுடன் சென்ற வரலாற்றாசிரியர் ஒவியேதோ, ஆளற்ற ஊரில் இவ்வறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை எழுதியிருக்கிறார். ஓர் இந்தியனைக் கூண்டிலடைத்து, அவன் நிதானமாக இதைக் கற்கும்வரை தாளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று தலைவரிடமே அவர் சொன்னாராம். பின்னாளில் இது கிறிஸ்தவ மனச்சாட்சிக்குப் போதுமா என்று பலாசியோஸ் ரூபியோஸிடம் கேட்டார். முறைப்படி செய்தால் போதும் என்றாராம் அவர். படைத்தலைவர்கள் செய்ததைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறார். ஒவியேதோவும் பழங்குடிகளிடம் பரிவு கொண்டவரல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்று மெக்சிகோவில், எதிராளி சொன்னது சரியாகக் காதில் விழாவிட்டால் பணிவாகக் கேட்கும் சொல் ‘மாந்தே’. கட்டளையிடுங்கள் என்று பொருள். அது அடிமைக் காலத்தின் தழும்பு என்பர் சிலர்; பழைய ஸ்பானிய உபசாரமே என்பர் வேறு சிலர்.