பின்னால் ஒரு கண், முன்னால்?

வண்டியில் கேமரா என்பது இப்போது வந்த சமாச்சாரம் என்று நினைத்தால் தப்பு. 1956-லேயே ப்யூக் நிறுவனம் செஞ்சுரியன் என்ற மாதிரிக் காரில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதிலாக டிவி கேமரா வைத்துக் காட்டியது. கண்காட்சியோடு சரி!

அமெரிக்காவில் அது சட்டமாவதற்கு ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. 2002-ல் தந்தை வண்டியைப் பின்னால் எடுத்தபோது அடிபட்டு இறந்தான், இரண்டு வயதுப் பையன். அவன் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. விதியை இறுதி செய்ய 2014 ஆனது. 10,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் பின்கேமரா கட்டாயமானது 2018 மே மாதம். பத்து வருஷம் ஐயா!

சரி, முன்பக்கம்? 2017 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பின் பானெட் தரையிலிருந்து 55 அங்குல உயரம். ஐந்து வயதுக் குழந்தை ஒட்டி நின்றால் ஓட்டுநருக்குத் தலைமுடிகூடத் தெரியாது. அந்த வரிசை வண்டிகளுக்கு ஏழு கேமராக்கள் வரை கிடைத்தன, முன்கேமரா உட்பட. ஆனால் அதற்குத் தனிக் காசு. சட்டம் கேட்டது பின்பக்கத்தை மட்டும்தானே?

நான் படிப்பது காமர்ஸ், அதனால் கணக்கு இப்படித்தான் தோன்றுகிறது. மறைக்கும் பானெட் வண்டி விலையிலேயே சேர்த்தி. மறைந்ததைக் காட்டும் கேமராவுக்குத் தனி பில். வேண்டாம் என்றால் வாங்குபவருக்குப் பணம் மிச்சம், ஆபத்து தெருவில் நிற்கும் பிள்ளைக்கு.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் சிலர் கிரில்லில் சின்னக் கேமராவைச் செருகி, டாஷ்போர்டுத் திரைக்கு ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்கவில்லை.