திருவிதாங்கூர் விலைக்கு வாங்கிய இரு கோட்டைகள்

நாடு பெருகும் வழிகள் பல. வாளால் வென்ற மண் உண்டு. மணக்கொடையாக வந்த மண் உண்டு. பணத்தை எண்ணி வைத்து வாங்கிய மண்ணும் உண்டு. வாளின் வரலாற்றைப் புலவரும் கல்வெட்டும் வேண்டிய மட்டும் பாடிவிட்டனர். விலைச்சீட்டின் வரலாற்றை நினைப்பவர் சிலரே. நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் அதனைச் சிறிது கூற விழைகின்றோம்.

மண்ணை விலை கொடுத்து வாங்கிய நாடுகளுள் உலகம் நன்கறிந்தது அமெரிக்க ஐக்கிய நாடு. விடுதலை முழக்கம் செய்து முப்பது ஆண்டுகளும் நிறையாத அக்குடியரசு, 1803ஆம் ஆண்டில் நெப்போலியனிடமிருந்து லூசியானா என்னும் பெருநிலத்தை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 8,28,000 சதுர மைல். ஒரு கையெழுத்தில் நாடு இருமடங்காயிற்று. பின்னர் 1867இல் உருசியப் பேரரசிடமிருந்து அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு அந்நாடு வாங்கியதும் பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்ததே.

ஆனால், லூசியானா விற்பனைக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, நம் தென்கோடியில் ஓர் இளம் அரசு அயல்நாட்டாரிடம் மண் வாங்கியது. அவ்வரசு திருவிதாங்கூர். நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் மும்பைக்கு வந்து வாழும் நம் அன்பர் பலருக்கும் அது பாட்டனார் காலத்து அரசு. 1956 நவம்பர் முதல் நாளன்று அப்பகுதிகள் தமிழகத்தோடு சேர்ந்தன. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

திருவிதாங்கூரை இளம் அரசு என்றது ஏன்? வேணாடு பழமையானதுதான். எனினும், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கி அதனைப் பெருநாடாக்கியவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர். பத்மநாபபுரம் அவருடைய தலைநகர். 1741ஆம் ஆண்டு குளச்சலில் ஒல்லாந்தரின் படையை அவர் முறியடித்தார். அன்று சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளபதி பின்பு அவ்வரசருக்கே ஊழியம் பூண்டு, படையைப் பயிற்றிக் கோட்டைகளை எழுப்பினார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையை இன்றும் காணலாம்.

அடுத்து அரசேறியவர், தர்மராஜா என்று மக்கள் அழைத்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர். அவர் காலத்தில் வடக்கே மைசூரின் வலிமை ஓங்கிற்று. ஐதர் அலியும் அவருக்குப் பின் திப்பு சுல்தானும் மலபாரில் படை நடத்தினர். மலபாரிலிருந்து ஓடிவந்தோர்க்குத் திருவிதாங்கூர் புகலிடம் தந்தது. வடவெல்லையைக் காக்க, வைப்பீன் தீவின் பக்கத்துக் காயலிலிருந்து ஆனைமலைச் சாரல் வரையில் ஏறத்தாழ 30 மைல் நீளத்திற்கு மண்மதிலும் அகழியும் முள்வேலியும் அமைக்கப்பட்டன. நெடுங்கோட்டை என்பது அதன் பெயர். அதன் ஒரு பகுதி கொச்சி அரசரின் நிலத்தின்மீது சென்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்நெடுங்கோட்டையின் கடலோர முனைக்கு அருகே ஒல்லாந்தர் வசம் இரு கோட்டைகள் இருந்தன. ஒன்று கொடுங்கல்லூர்க் கோட்டை. மற்றொன்று வைப்பீன் தீவின் வடமுனையிலுள்ள பள்ளிப்புறக் கோட்டை. இரண்டும் போர்த்துக்கீசியர் கட்டியவை. 1660களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கைக்கு மாறியவை. சேரரின் முசிறித் துறை இருந்த வட்டாரம் அது என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். இவ்விரண்டும் திப்புவின் கைக்குப் போனால், நெடுங்கோட்டையின் கதவு திறந்துவிட்டது என்றே பொருள். ஒல்லாந்தரோ அந்நாளில் வலிமை குன்றியிருந்தனர். அவற்றைக் காக்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை.

எனவே திருவிதாங்கூர் அவற்றை விலைக்கு வாங்க முனைந்தது. அரசர் சார்பில் பேரம் பேசியவர் கேசவபிள்ளை. பின்னாளில் இராஜா கேசவதாஸ் என்று புகழ்பெற்ற திவான் அவரே. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தில் பிறந்தவர். ஒரு வணிகரிடம் கணக்கெழுதும் வேலையில் தொடங்கி அரசின் உச்சிக்கு உயர்ந்தவர் என்பர். நம்மைப் போன்ற எழுத்தர்க்கு அது மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ! ஒல்லாந்தர் பக்கம் நின்றவர் கொச்சியில் அவர்களுடைய ஆளுநராயிருந்த வான் ஆங்கில்பெக். 1789 ஜூலை இறுதியில் ஒப்பந்தம் முடிந்தது. விலை மூன்று இலட்சம் ரூபாய்.

மூன்று இலட்சத்திற்கு இரு கோட்டைகள் மலிவு என்றே தோன்றும். ஆனால் விலை அத்தோடு முடியவில்லை.

நாம் இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பல ஆண்டுகள் கழித்தவர். அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. சரக்கின்மேல் கை வைப்பவன் எவன் என்று பாராதே. இரயில்வே ரசீது எவன் கையில் என்று பார் என்பதே அது. சரக்கு மேடையில் நின்றுகொண்டு, ‘இது என் மூட்டை’ என்று நூறு பேர் சொல்லலாம். ரசீது ஒன்றுதான். கொடுங்கல்லூர் விற்பனையில் எழுந்த வழக்கும் இதுவே: ரசீது எவர் கையில்?

திப்பு சுல்தான் சொன்னார்: ‘அக்கோட்டைகள் நிற்கும் மண் கொச்சி அரசருடையது; கொச்சி எமக்குக் கப்பம் கட்டும் நாடு; எம் மண்ணை விற்க ஒல்லாந்தர் யார்?’ தர்மராஜா மறுமொழி கூறினார்: ‘ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து போரில் வென்று, நூறாண்டுகளுக்கு மேலாக ஆண்டு அனுபவித்த சொத்து இது.’ சென்னையில் ஆங்கிலேயக் கவர்னராயிருந்த ஹாலண்டு, தம் இசைவின்றி நடந்த விற்பனை இது என்று கண்டித்துக் கோட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு அரசரை வற்புறுத்தினார். கல்கத்தாவிலிருந்த காரன்வாலிஸ் பிரபுவோ, மண் கொச்சிக்குரியதாயின் திருப்பிவிடுக, ஒல்லாந்தரின் தனியுரிமையாயின் வாங்கியவரைக் காப்போம் என்னும் நிலையை எடுத்தார். ஆக, மூலப்பத்திரத்தைப் பற்றிய வாதம் பணம் கைமாறிய பிறகே தொடங்கியது.

வாதம் முடியுமுன் போர் வந்துவிட்டது. 1789 டிசம்பர் 28ஆம் நாள் இரவில் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கிற்று. மதிலைக் கடந்தவர்கள் எதிர்ப்பட்ட குண்டுமாரியால் நிலைகுலைந்து அகழியில் வீழ்ந்தனர், தாக்குதல் முறிந்தது. ஆயினும் 1790 ஏப்ரலில் பெரும் பீரங்கிகளோடு திப்பு மீண்டும் வந்தார், மதில் உடைந்தது, கொடுங்கல்லூர்க் கோட்டை வீழ்ந்து இடிக்கப்பட்டது. விலைக்கு வாங்கி ஓராண்டு நிறைவதற்கு முன்னரே அது கல்மேடாயிற்று. ஆலுவா வரை வந்த படையைப் பெரியாற்றின் வெள்ளமும், ஆங்கிலேயர் படையெடுத்த செய்தியும் திருப்பி அனுப்பின.

ஆங்கிலேயர் போரில் இறங்கியது ஏன்? 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் அவர்களுடைய நட்பு நாடாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் விழுந்த அடி தம்மேல் விழுந்த அடி என்று அவர்கள் கொண்டனர். இவ்வாறு மூண்டதே மூன்றாம் மைசூர்ப் போர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் கொடுத்து, மக்கள் இருவரைப் பிணையாகவும் அனுப்ப நேர்ந்தது. கோட்டை விற்பனை ஒன்றே போருக்குக் காரணம் என்று கூறோம். பகை முன்னரே புகைந்துகொண்டிருந்தது. ஆனால் புகைந்ததை ஊதிவிட்டது அவ்விற்பனை என்பதில் ஐயமில்லை.

இனி வரவு செலவு பார்ப்போம். திருவிதாங்கூர் பிழைத்தது, அது பெரிய வரவு. செலவோ நீண்டது. படைச்செலவை ஏற்று 1795இல் கும்பினியாரோடு ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. 1805இல் மற்றோர் உடன்படிக்கை அத்தொகையை ஆண்டொன்றுக்கு எட்டு இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. கோட்டைகளின் விலை ஒரே முறை மூன்று இலட்சம்; காவலின் விலை ஆண்டுதோறும் எட்டு இலட்சம்! அச்சுமை தாளாமல்தான் தலக்குளத்து வேலுத்தம்பி 1808இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பி, மறு ஆண்டில் உயிர் துறந்தார். வேலி வாங்கப் போனவர், வேலிக்கு ஒரு காவற்காரரையும் அவருக்கு ஒரு நாட்டாண்மையையும் சேர்த்து வாங்கி வந்த கதை இது.

இத்தகைய வழக்கு நம் மும்பைக்கும் புதிதன்று. போர்த்துக்கல் இளவரசி கேத்தரினை மணப்பதற்காக 1661இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இத்தீவு மணக்கொடையாயிற்று. ஆனால் 1665இல் அதனைப் பெற்றுக்கொள்ள வந்த ஆங்கிலேயருக்கும் போர்த்துக்கீசியருக்கும் ஒரு பூசல் எழுந்தது: மணக்கொடையில் மாகிம் சேருமா, சேராதா? எழுத்தில் தெளிவில்லை, ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். 1668இல் மன்னர் இத்தீவை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கும்பினியாருக்கு விட்டார். மாகிம் ஓடையின் கரையில், தாராவியில், 1737இல் கட்டப்பட்ட காலா கில்லா இன்றும் நிற்கிறது. நாள்தோறும் அதன் பக்கமாகச் செல்வோருள் எத்தனை பேர் அதனை ஏறிட்டுப் பார்க்கின்றோம்?

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. விற்றவர் பெயர் இருக்கும்; வாங்கியவர் பெயர் இருக்கும்; விலை இருக்கும்; அம்மண்ணில் உழுதவனையும் வலை வீசியவனையும் கேட்டதாக ஒரு வரி இராது. லூசியானாவின் பழங்குடியினரை எவரும் கேட்கவில்லை. 1845இல் டென்மார்க்கு தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குக் கும்பினியாரிடம் விற்றபோது, தரங்கம்பாடித் தமிழனை எவரும் கேட்கவில்லை. காலம் சிறிது மாறியுள்ளது என்பதற்கும் சான்று உண்டு. 2015இல் இந்தியாவும் வங்காளதேசமும் எல்லைத் திட்டுகளை மாற்றிக்கொண்டபோது, அங்கு வாழ்ந்தோரிடம் எந்நாட்டுக் குடியாக விரும்புகிறீர் என்று கேட்டனர். அது ஒரு நல்ல தொடக்கம்.

நம்மவர் பலர் வாழும் தாராவி, சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிய நிலம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த முன்னோரின் வியர்வை அதில் உண்டு. 2024இல் அங்கே மறுமேம்பாட்டிற்காக வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. எவர் எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறார் என்பதைத் தாளே பேசும், வியர்வை பேசாது. நம் தந்தையார் ஒரு தகரப் பெட்டியில் குடும்ப அட்டையையும், வாடகைச் சீட்டுகளையும், பள்ளிச் சான்றுகளையும் பூட்டி வைத்திருந்தார். சிறுவயதில் நாம் அதைக் கண்டு நகைத்ததுண்டு. இன்று நகைக்கவில்லை.

தர்மராஜாவுக்குப் படையும் மதிலும் திவானும் இருந்தன. அத்தகையவரையே ‘உம் மண்ணுக்கு ரசீது எங்கே?’ என்று உலகம் கேட்டது. நம்மைக் கேளாமல் விடுமா? ஆகவே அன்பர்களே, வீட்டிலுள்ள பழைய தாள்களை இம்மழைக்காலத்திற்கு முன் எடுத்து வெயிலில் காட்டி, ஒழுங்குபடுத்தி, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி உதவுங்கள். இதுவும் சங்கப் பணியே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!