பழுதும் குறையும்: பழங்கணினிக் காட்சி அட்டைகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு கருவி தன் தொழிலைச் செய்யாமைக்குக் காரணம் இரண்டாகும். முன்பு செய்துவந்த ஒன்றைப் பின்பு செய்யாதொழிதல் ஒன்று. தோன்றிய நாள் முதலே செய்ய இயலாதிருத்தல் மற்றொன்று. முன்னதைப் பழுது என்றும் பின்னதைக் குறை என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். பழுதை நீக்குதல் செப்பனிடுதல் ஆகும். குறையை நீக்குதல் மாற்றியமைத்தல் ஆகும். பழங்கணினிகளைப் பேணுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடின், வரலாற்றுச் சான்றுகள் செப்பனிடுவோர் கையாலேயே அழியும். இதனை 1980களின் காட்சி அட்டைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

எழுத்து உறையும் இடம்

ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை 1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்டது. அதனோடு இருவகைக் காட்சி அட்டைகள் வந்தன. எம்.டி.ஏ. என்பது எழுத்துகளை மட்டும் ஒருநிறத்திற் காட்டுவது, சி.ஜி.ஏ. என்பது எழுத்துகளோடு படங்களையும் பல நிறத்திற் காட்டுவது. மோட்டோரோலா நிறுவனத்தின் 6845 என்னும் சில்லே இரண்டிலும் திரையை ஆண்டது.

இவ்வட்டைகளின் எழுத்துமுறையில், கணினி எழுத்தின் வடிவத்தை அனுப்புவதில்லை. அதன் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. எம்.டி.ஏ. திரையில் 25 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளுமாக 2000 கட்டங்கள் உண்டு. கட்டம் ஒன்றுக்கு எழுத்தெண் ஒரு பைட்டும், அதன் ஒளித்தன்மை ஒரு பைட்டும் ஆக 4000 பைட்டுகள் வேண்டும். அட்டையின் நினைவகமோ 4 கிலோபைட்டு. எண்ணுக்குரிய வடிவம் வேறோரிடத்தில், மாற்றவொண்ணா வாசிப்புநினைவகச் சில்லில், ஆலையிலேயே பதிக்கப்பட்டிருந்தது. ஆகவே எவ்வெழுத்து திரையில் தோன்றலாம், எது தோன்றலாகாது என்பதைத் தீர்த்தவர் கணினியில் எழுதுவோர் அல்லர். அச்சில்லைச் செய்தவரே ஆவர்.

இரு அட்டைகளிலும் இருந்தது ஒரே 8 கிலோபைட்டுச் சில்லு என்பது கருதத்தக்கது. அதன் முற்பாதியில் எம்.டி.ஏ. வடிவங்களும், பிற்பாதியில் சி.ஜி.ஏ.வுக்குரிய மெல்லிய வடிவம் ஒன்றும் தடித்த வடிவம் ஒன்றும் இருந்தன. சி.ஜி.ஏ. அட்டை இயல்பாகத் தடித்த வடிவத்தையே காட்டும். பி3 என்று குறித்த இடத்தில் இணைப்பு ஒன்று பற்றவைத்தால் மெல்லிய வடிவம் வெளிப்படும். செய்தோரே உள்ளே வைத்துப் பயனுக்குக் கொணராது விட்டதனை ஒருதுளி ஈயம் வெளிக்கொணர்ந்தது எனலாம்.

பழுது காணும் முறை

பழுது காண்பதில் முதற்கடன், பழுது உண்டா என்று தெளிதலாம். கணினியை இயக்கியதும் ஒரு நெடிய ஒலியும் இரு குறிய ஒலியும் கேட்பின் அது காட்சி அட்டை பற்றிய முறையீடு. ஆயினும் முதற்கணினியின் தாய்ப்பலகையில் 5, 6 ஆம் நிலைமாற்றிகள் எவ்வகை அட்டை உளது என்பதைத் தெரிவிப்பன. அவை தவறாக வைக்கப்பட்டிருப்பின் நல்ல அட்டையும் கெட்டதுபோலத் தோன்றும்.

கணினி சிறிதும் இயங்காதாயின், மின்னைத் துண்டித்துவிட்டு 12 வோல்ட்டு இணைப்புக்கும் தரைக்கும் இடையே உள்ள தடையை அளத்தல் வேண்டும். அக்காலத்து அட்டைகள் பலவற்றில் உள்ள டான்டலம் மின்தேக்கிகள் நாட்பட்டுக் குறுக்கிணைப்பாதல் உண்டு. அப்போது மின்வழங்கி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். எம்.டி.ஏ.வுக்குரிய 5151 காட்சித்திரை, நொடிக்கு 18,432 முறை வரும் அட்டையின் கிடைக்குறியையே முழுதும் நம்பி நிற்பது. அக்குறி பிறழ்ந்த அட்டையோடு அதனைப் பிணைத்தால் திரையும் கெடக்கூடும்.

திரையில் எழுத்துகள் பிறழ்ந்து தோன்றுமாயின், அப்பிறழ்ச்சியே பழுதின் இடத்தைக் காட்டிவிடும். ஆங்கில எழுத்து 'ஏ'யின் எண் 65, 'பி' 66, 'சி' 67, 'டி' 68. நினைவகத்தில் 2 என்னும் மதிப்புடைய இருமக்கூறு எப்போதும் ஒன்றாகவே நிற்குமாயின், 65 என்பது 67 ஆகி 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'சி' வரும். 68 என்பது 70 ஆகி 'டி' வரவேண்டிய இடத்தில் 'எஃப்' வரும். 'பி'யும் 'சி'யும் மாறா. இங்கே எழுத்து பிறிதாயினும் வடிவம் செம்மையாக உளது. ஆகவே பழுது எண்ணை வைத்திருக்கும் நினைவகத்தின்பாலது. அவ்வாறன்றி, எழுத்து அதுவேயாக, எல்லா எழுத்திலும் ஒரே நெடுக்கைப் புள்ளிவரிசை மட்டும் குறையுமாயின், பழுது வடிவச் சில்லின்பாலோ, அதிலிருந்து புள்ளிகளைப் பெறும் வழியின்பாலோ ஆம். ஏடு பெயர்த்து எழுதியோரின் பிழைகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் முறைக்கு இது பெரிதும் ஒத்தது. ஒழுங்காக நிகழும் பிழைக்குக் காரணம் ஒன்றே. அதனைக் கண்டால் பிழையனைத்தும் தீரும்.

குறையும் மாற்றமும்

இனிக் குறையைக் காண்பாம். சி.ஜி.ஏ. அட்டையில் 80 எழுத்து வரிமுறையில், கணினி நினைவகத்தில் எழுதும்போதெல்லாம் திரையில் வெண்புள்ளிகள் சிதறித் தோன்றும். இதனைப் பயனாளர் பனி என்றனர். திரையை வரையும் சுற்றும் கணினியும் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தை நாடுவதும், இருவர்க்கும் ஒருங்கே ஈய அந்நினைவகத்தால் இயலாமையுமே காரணம். இஃது எல்லா மூல அட்டைகட்கும் பொது. எச்சில்லை மாற்றினும் தீராது. நிரலாளர், ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்து மறுவரிக்குத் திரும்பும் இடைவேளையில் மட்டும் எழுதி இதனைத் தவிர்த்தனர். அக்காலத்து நிரல்கள் பலவற்றின் மந்தத்திற்கு இக்காத்திருப்பும் ஒரு காரணமாம். இப்பனியைப் பழுதெனக் கருதி நல்ல சில்லுகளைக் கழற்றுவோர் அட்டையை வீணே வருத்துபவர் ஆவர்.

குறையை உணர்ந்தோர் அதனை மாற்றிய வரலாற்றில் தலைசிறந்தது எர்க்குலிசு அட்டை. தாய்லாந்து நாட்டினரான வான் சுவன்னுகுல், தம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். எம்.டி.ஏ. அட்டையின் எழுத்துச் சில்லில் அவர்தம் மொழிக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஆளவல்ல அட்டை ஒன்றை அமைத்தார். 1982இல் அஃது எர்க்குலிசு என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். ஒருநிறத் திரையையே கொண்டு 720 புள்ளி அகலமும் 348 புள்ளி உயரமும் உடைய படத்தை அது காட்டியது. நினைவகம் 64 கிலோபைட்டு. எம்.டி.ஏ.வின் உயரம் 350 ஆயிருக்க இதில் 348 ஆனது ஏன் எனின், நினைவகம் நான்கு பகுதிகளாகப் பகுக்கப்பட்டு வரிகள் முறையே அவற்றிற் பகிரப்பட்டன. 348 நான்கால் வகுபடும், 350 வகுபடாது. ஒரு மொழியின் எழுத்துக்காகத் தோன்றிய இவ்வட்டை, வணிகக் கணக்கரின் வரைபடங்கட்கும் பெரிதும் பயன்பட்டு உலகெங்கும் பரவியது.

அதன்பின் எழுத்து சில்லின் சிறையினின்று படிப்படியாக விடுபட்டது. 1984இல் வந்த இ.ஜி.ஏ. அட்டை எழுத்து வடிவங்களை மாற்றத்தக்க நினைவகத்தில் வைத்து, ஒருங்கே 512 வடிவங்கள் வரை காட்டியது. 1986இல் வந்த எர்க்குலிசு பிளசு அட்டையோ 3072 வடிவங்கட்கு இடந்தந்தது.

பிறமொழி எழுத்துகளும் இந்திய எழுத்துகளும்

புதிய அட்டை வாங்க இயலாதோர் பழைய அட்டையின் சில்லையே மாற்றினர். போலந்து நாட்டில் மசோவியா என்னும் எண்முறைப்படி, கோடு வரையும் வடிவங்களைக் கெடாது விட்டுப் பிறவற்றுட் சிலவற்றின் இடத்திற் போலிய எழுத்துகளைப் பதித்த சில்லுகள் செருகப்பட்டன. இசுரேல் நாட்டு அட்டைகளில் 128 முதல் 154 வரையுள்ள எண்கள் எபிரேய எழுத்துகட்கு உரியவாயின. 22 எழுத்துகளும் 5 இறுதி வடிவங்களும் ஆக அவை 27.

இந்திய எழுத்துகட்கு இம்முறை எளிதிற் பொருந்தவில்லை. எம்.டி.ஏ. கட்டத்தின் அகலம் 9 புள்ளி. சில்லில் உள்ள வடிவத்தின் அகலமோ 8 புள்ளியே. ஒன்பதாம் புள்ளி வெறுமையாக விடப்படும். 192 முதல் 223 வரையுள்ள 32 எண்கட்கு மட்டும் எட்டாம் புள்ளியே ஒன்பதாம் இடத்தும் மீண்டும் இடப்படும். கோடுகள் தொடர்ந்து செல்லுதற்கென வகுத்த விதி இது. தலைக்கோட்டால் இணையும் தேவநாகரிக்குப் பிற எண்களில் இடந்தந்தால் அக்கோடு எழுத்துதோறும் அறும். தமிழுக்குத் தலைக்கோடு இல்லை. எனினும் ணகரமும் ஞகரமும் எட்டுப் புள்ளி அகலத்தில் தெளிவுற அமைதல் அரிது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் தொடங்கிய ஆய்வு, 1988இல் தோன்றிய சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்து, சிஸ்டு என்னும் செருகட்டையாகப் பயனுக்கு வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை அது கணினித் திரையிற் காட்டியது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்ற இஸ்கி எண்முறை, ஒலிக்கு எண் தந்து வடிவத்தை வேறாக வைத்தது.

முடிவுரை

இனித் தொடக்கத்திற் கூறிய கருத்துக்கு வருவாம். இன்று ஒருவர் கையில் பழைய அட்டை ஒன்று கிடைக்கிறது. சில எண்களுக்கு எதிர்பாரா வடிவங்கள் தோன்றுகின்றன. சில்லு கெட்டதெனக் கருதி அவர் ஐ.பி.எம். மூலப்படி ஒன்றைப் பதித்துச் செருகுவராயின் அட்டை செம்மையுறும். ஆனால் ஒரு நாட்டார் தம் மொழியைக் கணினியில் ஏற்றிய சான்று குப்பையிற் சேரும். வட்டார வழக்கை ஏடெழுதுவோன் பிழையெனத் திருத்துவதற்கு இஃது ஒப்பாம்.

இரண்டையும் வேறுபடுத்துதல் அரிதன்று. பழுதால் விளையும் வடிவம் பொருளற்றது. புள்ளிகள் சிதைந்தோ வரிகள் பிறழ்ந்தோ நிற்கும். மாற்றத்தால் விளைந்த வடிவமோ முழுமையுடையது. ஒரு மொழியின் எழுத்துகள் ஒருங்கே, ஒரு நோக்கத்தோடு அமைந்திருக்கும். ஆகவே எச்சில்லையும் கழற்றுமுன் அதன் உள்ளடக்கத்தைப் படித்துப் படியெடுத்து வைத்தல் முதற்கடன். மூலச் சில்லு 24 கால் உடையதாகவும், இன்று எளிதிற் கிடைக்கும் 2764 சில்லு 28 கால் உடையதாகவும் இருத்தலின், பலகையை அறுக்காது இடையில் ஒரு தாங்கியைப் பொருத்துதல் இரண்டாம் கடன். செய்த மாற்றத்தை நாளுடன் எழுதி அட்டையோடு சேர்த்து வைத்தல் மூன்றாம் கடன். பழுதைத் தீர்ப்போம், குறையைத் தீர்த்தவர் கைத்தடத்தை அழியாது காப்போம்.