ரேஷன் காலத்து இனிப்பும் சிம்லா ஆப்பிளும்

போன ஆகஸ்டில் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் தோட்டத்து ஆப்பிள் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். சிம்லாவுக்கு மேலே கோட்கட் பக்கத்து ஆள். பெட்டி என்றால் சும்மா இல்லை, இருபது கிலோ! நாங்கள் சண்டிகர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆப்பிளைப் பெட்டிக் கணக்கில் யோசிக்க இன்னும் பழகவில்லை. எங்கள் திண்டுக்கல்லில் சின்ன வயதில் ஆப்பிள் என்றால் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. நாலே நாலு, காகிதப் பையில்.

அக்கம்பக்கம் கொடுத்தது போக பத்து கிலோ மிச்சம். ஒரு வாரத்தில் பழம் மாவாக ஆரம்பித்துவிட்டது. கடித்தால் சாறு இல்லை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, பல்லும் சரியில்லை, அவரால் கடிக்க முடியாது. ஆனால் தினமும் காலையில் பால்கனிக்குப் போய்ப் பெட்டியைக் கிளறுவார், அழுகியதைப் பொறுக்கித் தனியே வைப்பார், பேசாமல் வந்து உட்காருவார். நாலாம் நாள் மட்டும், "இத்தனையும் குப்பைக்காடா போகணும்?" என்றார். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டவர். இங்கே வந்ததிலிருந்து அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே அந்த ஒரு வரி இரண்டு நாள் காதில் நின்றது.

ஆப்பிள் கிரம்பிள் பண்ணலாம் என்று யோசனை சொன்னது மகள். முட்டை வேண்டாம் (அப்பா தொட மாட்டார்), பேக்கிங் பவுடர் வேண்டாம், அடித்துக் கலக்கும் வேலை இல்லை. கேக்கில் மூன்று முறை தோற்று அவனைப் பரணில் ஏற்றி வைத்திருந்த எனக்கு இது சரிப்பட்டு வரும் என்று பட்டது. (அவன் என்றால் அடுப்பு அவன்தான், வேறு யாரையும் ஏற்றவில்லை :-))

செய்முறை இவ்வளவுதான். நாலு ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் பட்டைத் தூளும் கலந்து கண்ணாடித் தட்டில் பரப்ப வேண்டும். மேலே போட மைதா 150 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 75, சர்க்கரை 75. வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் பிசற வேண்டும். புட்டுக்கு மாவு பிசறத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். தண்ணீர் மட்டும் கூடாது. பிசைந்தாலும் கெட்டது. அதைப் பழத்தின் மேல் தூவி 180 டிகிரியில் 35, 40 நிமிஷம். மேல்மாவு பொன்னிறமாகி ஓரத்தில் சாறு கொப்பளித்தால் எடுத்துவிடலாம்.

அது வேகும் நேரத்தில்தான் இதன் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடியது இங்கே.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் கண்டுபிடித்த பண்டம் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. ஆப்பிள் க்ரிஸ்ப் என்ற பெயரில் இதன் அண்ணன் 1920களிலேயே அமெரிக்க சமையல் புத்தகங்களில் வந்துவிட்டான். ஆனால் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பரவக் காரணம் போர்தான். 1940 ஜனவரி 8 அன்று அங்கே வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி மூன்றும் ரேஷனுக்குள் வந்தன. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக. சர்க்கரை தலைக்கு வாரம் எட்டு அவுன்ஸ், அதாவது 227 கிராம். வெண்ணெய் பல காலம் இரண்டே அவுன்ஸ், 57 கிராம். மார்கரின் கொஞ்சம் தனியாக. முட்டை வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிடைத்தால்.

இதில் ஆப்பிள் பை எப்படிச் செய்வது? பை என்றால் கீழே ஒரு மாவு, மேலே ஒரு மாவு, இரண்டுக்கும் கொழுப்பு வேண்டும். கிரம்பிளுக்கு மேலே மட்டும் போதும், அதுவும் உதிரியாக. வெண்ணெய் குறைந்தால் மார்கரின். மாவு குறைந்தால் ஓட்ஸ், ரொட்டித் தூள். உள்ளூரில் விளைந்த ஆப்பிளுக்கு ரேஷன் கிடையாது. இல்லாதது எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்கும் பலகாரம் இது. என் ஒரு தட்டுக்குப் போட்ட 75 கிராம் வெண்ணெய், அன்றைக்கு ஒரு ஆளின் ஒன்பது நாள் பங்கு! இதை ஹாலில் சத்தமாகப் படித்தேன். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

"நம்மூர்ல எப்ப வந்துச்சு ரேஷன்? அதையும் பாரு" என்றார்.

பார்த்தேன். அதே போர்தான். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் சென்னை மாகாணத்துக்கும் வங்காளத்துக்கும் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-ல் பம்பாயில் ரேஷன் ஆரம்பித்தது. அதே 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். இறந்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். ஒரே சாம்ராஜ்யம், ஒரே வருஷம். அங்கே வெண்ணெயை அவுன்ஸில் நிறுத்துப் பங்கு வைத்தார்கள், இங்கே கஞ்சித் தண்ணீருக்கு வழியில்லை. கிரம்பிளின் சரித்திரம் எழுதுபவர்கள் இந்தப் பாதியை எழுதுவதில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது 1952-ல், ராஜாஜி முதலமைச்சராக வந்த பிறகு. பிரிட்டனில் கடைசியாக இறைச்சிக் கட்டுப்பாடு போனது 1954 ஜூலையில். ஆக, வரிசையிலிருந்து நாம் இரண்டு வருஷம் முந்தி வெளியே வந்தோம். (அறுபதுகளில் திரும்பவும் போய் நின்றது வேறு கதை.)

இங்கே அப்பாவின் கொசுவத்தி ஒன்று. 1952-ல் அவருக்கு ஒன்பது வயது. வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், பையை வைத்து அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு விளையாடப் போகலாமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கல் உண்டு, கல்லைப் பார்த்தே யாருடைய பை என்று தெரியும். "என் கல்லு சப்பட்டையா இருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை.

அதற்குள் அவன் மணியடித்தது. எடுத்து ருசி பார்த்தால், மேல்மாவு பிரமாதம், உள்ளே சர்க்கரைப் பாகில் ஊறிய பஞ்சு. வெறும் தித்திப்பு. தங்கமணி ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டார். "மாமா, உங்களுக்குக் கொஞ்சமா வைக்கவா?" என்று கேட்ட விதத்திலேயே தீர்ப்பு தெரிந்தது.

தப்பு என் மேல் இல்லை, ஆப்பிள் மேல். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிரிட்டனில் சமையலுக்கென்றே ஒரு ஆப்பிள் உண்டு, பிராம்லி. 1809-ல் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையில் வந்த மரம். வீட்டைப் பின்னாளில் வாங்கிய கசாப்புக் கடைக்காரர் பிராம்லியின் பெயர் பழத்துக்கு வந்துவிட்டது; விதை போட்டவள் பெயர் வரவில்லை. பச்சையாகத் தின்றால் முகம் கோணும் புளிப்பு, வெந்தால் நுரையாகக் குழையும். கிரம்பிளின் அத்தனை சர்க்கரையும் அந்தப் புளிப்புக்கு எதிராகப் போட்டது.

இமாசலத்துக்கு ஆப்பிளை முதலில் கொண்டுவந்த வெள்ளைக்காரர்களும் தங்கள் ஊர் வகைகளைத்தான் நட்டார்கள். குலு பள்ளத்தாக்கில் கேப்டன் லீ தோட்டம் போட்டது 1870 வாக்கில். அந்தப் பழங்களின் புளிப்பு நம் நாக்குக்கு ஏறவில்லை. நம்மிடம் புளிப்புக்குப் புளி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பழம் இனிக்க வேண்டாமா?

இதைப் புரிந்துகொண்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவில் வசதியான குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர் கோட்கட்டில் தங்கி, 1912-ல் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு விவசாயி ஆனார். அமெரிக்காவில் ஸ்டார்க் என்ற நாற்றுப்பண்ணை விற்ற ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்து 1916-ல் நட்டார். தானும் நட்டு, ஊராருக்கும் கொடுத்தார். மலைக்காரர்களைக் கூலியில்லாமல் சுமக்க வைத்த பேகார் முறையை எதிர்த்துப் போராடினார். காங்கிரஸில் சேர்ந்து 1921-ல் கைதாகி ஆறு மாதம் சிறை. 1932-ல் இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார். 1946-ல், சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னால், இறந்தார். நார்கண்டா தாண்டி தானேதார் போனால் அவர் கட்டிய வீட்டைப் பார்க்கலாம்; நாங்கள் போனபோது ரோட்டின் இரண்டு பக்கமும் சரிவெல்லாம் ஆப்பிள்தான்.

நம் ஊர்த் தள்ளுவண்டியில் சிம்லா ஆப்பிள் என்று விற்றது பெரும்பாலும் இந்த வம்சம்தான். இங்கே மண்டியில் ராயல் என்பார்கள். சிவப்பு, தித்திப்பு, புளிப்பு மிகக் குறைவு. கையில் வைத்துத் தின்பதற்காகத் தேர்ந்தெடுத்த பழம். அதைப் பிராம்லிக்காக எழுதிய செய்முறையில் போட்டால் பாகில் ஊறிய பஞ்சுதான் வரும்.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அப்பா, "அதுக்கு ஏன்டா இவ்வளவு? எலுமிச்சம்பழத்தப் புழி" என்றார்.

மறுநாள் புழிந்தேன். ஒரு முழுப் பழம். பழத்தில் போடும் சர்க்கரையை நிறுத்தினேன். பாதி ஆப்பிளைத் துருவிப் போட்டேன், குழையட்டும் என்று. மைதாவில் கால் பங்குக்கு ஓட்ஸ். இந்த முறை சரியாக வந்தது. ஜூலையில் வரும் டைட்மன் கிடைத்தால் எலுமிச்சை பாதி போதும் என்று நினைக்கிறேன். கொடைக்கானல் பேரிக்காயிலும் செய்யலாம், ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் முயற்சி செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பல்லுக்கு வேலையே இல்லை என்றார். பிறகு எழுந்து போய் தன் பையிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்துவந்தார். ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முந்தைய தாள் கார்டு, ஓரமெல்லாம் பிய்ந்து, பாலிதீன் உறையில். ஸ்மார்ட் கார்டில் அம்மா பெயரை நீக்கியாகிவிட்டது. இதில் இரண்டு பெயரும் இருக்கிறது. அப்பா பெயரை இங்கே மாற்றலாம் என்று நான் இரண்டு முறை பேச்செடுத்து, "இருக்கட்டும்டா" என்ற பதிலோடு விட்டிருக்கிறேன்.

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். அரிசி, சர்க்கரை, கோதுமை, மாதா மாதம் கடைக்காரர் மையில் கிறுக்கியது.

"தாத்தா, இதுல வெண்ணெய் எங்க?"

"வெண்ணெயா?" என்று அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மண்ணெண்ணெய்தான் கண்ணு குடுத்தான்."