செய் ஷோனகொனின் பட்டியல்கள்

பட்டியல் போடும் பழக்கத்தையே இலக்கியமாக்கிய பழைய நூல்களில் தலையாயது ஜப்பானின் ‘மகுரா நோ சோஷி’, அதாவது ‘தலையணை நூல்’. இன்றைய கியோத்தோவிலிருந்த அரசவையில், 993 வாக்கில் பேரரசி தெய்ஷியின் பணிக்கு வந்த செய் ஷோனகொன் அதை எழுதினார். பேரரசியின் அண்ணன் கொரெச்சிகா அளித்த தாள்கட்டைத் தாம் கேட்டுப் பெற்றதாக அவரே குறிப்பிடுகிறார். நல்ல தாள் அன்று விலைமதிப்புள்ள பொருள்.

சுமார் 300 பகுதிகளில் ஏறக்குறைய பாதி பட்டியல்கள். ஒருவகை, மலை, ஆறு, பாலம், பூச்சி என்று பெயர்களை அடுக்குவது. பெயரின் ஓசைக்காகவே சேர்ந்தவையும் உண்டு. மற்றொரு வகையில்தான் அவருடைய மனம் முழுதாக வெளிப்படுகிறது. எரிச்சலூட்டுபவை: அவசர வேளையில் வந்து பேச்சை நீட்டும் விருந்தாளி, மை உரைக்கும் கல்லில் சிக்கிய மயிர், மறைவாக வரும் காதலனைப் பார்த்துக் குரைக்கும் நாய். நேர்த்தியானவை: புதிய உலோகக் கிண்ணத்தில் இனிப்புப் பாகு ஊற்றிய பனிச்சீவல். தலைப்பு ஒன்றுதான்; அதன்கீழ் எது எதனோடு சேரும் என்பதை அவருடைய ரசனை மட்டுமே தீர்மானிக்கிறது.

சீனத்தில் 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லி ஷாங்யின் பெயரில் இத்தகைய தொகுப்பு முன்பே இருந்தது. ஷோனகொன் பணியாற்றிய அரசவையிலோ துயரங்கள் தொடர்ந்தன. 996இல் கொரெச்சிகா தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1001 தொடக்கத்தில் தெய்ஷி மகப்பேற்றில் இறந்தார். அந்தத் துயரத்தின் நிழலை ஷோனகொன் தம் பட்டியல்களில் பெரும்பாலும் படியவிடவில்லை. பின்னர் 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ‘இனு மகுரா’ என்ற நூல் இந்தப் பட்டியல் வடிவத்தை நகர மக்களின் வேடிக்கை வாசிப்பாக்கியது.