மெட்ராஸ்ல எங்கே ரூம் போடறது? - ஒரு முன்னூத்தி எண்பது வருஷக் கேள்வி

ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருந்து யார் சென்னைக்குக் கெளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துடும். "தம்பி, எந்த ஏரியாவுல ரூம் போட்டா தோதா இருக்கும்?" சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவனுக்கு மெட்ராஸ் பூரா அத்துப்படின்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. நமக்குத் தெரிஞ்சது ஓஎம்ஆரும் அங்க இருக்குற நாலு டீக்கடையும்தான் :) இருந்தாலும் கேக்குறவங்களுக்கு உருப்படியா ஏதாச்சும் சொல்லணுமேன்னு, லீவு நாள்ல எல்லாம் துறைமுகத்தைச் சுத்தி இருக்குற பழைய தெருக்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டுது மக்களே. இந்த ஊர்ல எங்கே தங்குறதுங்கிறதை வர்றவன் தீர்மானிச்சது ரொம்பக் குறைவு. எந்த வாசல் வழியா உள்ளே வர்றான், அவனை யார் உள்ளே விடுறாங்க - இந்த ரெண்டும்தான் காலங்காலமா தீர்மானிச்சிருக்கு.

கடல் வாசல்

1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கிடைச்சுது. அப்ப துறைமுகம்னு ஒண்ணு கிடையாது. அதுக்கப்புறமும் இருநூறு வருஷத்துக்கு மேல கிடையாது. கப்பல் எல்லாம் தள்ளி ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுல அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். பலகைகளை ஆணி அடிக்காம கயித்தால தைச்ச படகு அது. ஆணி அடிச்ச படகுன்னா இங்க அடிக்குற அலைக்குப் பொளந்துடும்.

நனைஞ்சுகிட்டே கரை ஏறினவன் எங்க தங்குவான்? வெள்ளைக்காரன்னா கோட்டைக்குள்ள. மத்தவங்க கோட்டைக்கு வெளியே கருப்பர் பட்டணத்துல. அதுக்குள்ளயும் இஷ்டத்துக்குத் தங்கிட முடியாது. இடங்கை, வலங்கைன்னு சாதிகள் ரெண்டு பிரிவா நின்னு, எந்தத் தெரு யாருக்குன்னு கலவரமே நடந்திருக்கு. 1707ல ஆரம்பிச்ச பெரிய சண்டையில கம்பெனியே தலையிட்டு, இடங்கைக்கு முத்தியால்பேட்டை, வலங்கைக்கு பெத்துநாயக்கன்பேட்டைன்னு பிரிச்சுவிட வேண்டியதாப் போச்சு. அந்தக் காலத்து "ஏரியா ரிவ்யூ" இப்படித்தான் இருந்திருக்கு.

அந்தக் கருப்பர் பட்டணமும் நிலைக்கல. 1746ல பிரெஞ்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க, 1749ல திருப்பிக் கொடுத்தாங்க. 1758-59ல மறுபடி முற்றுகை. கோட்டைக்குப் பக்கத்துல வீடு இருந்தா எதிரி அதுல ஒளிஞ்சு சுடுறான்னு சொல்லி, கோட்டையை ஒட்டி இருந்த பழைய ஊரைக் கொஞ்சம் கொஞ்சமா இடிச்சுத் தள்ளிட்டாங்க. "இதுக்கு மேல இந்தப் பக்கம் கட்டக்கூடாது"ன்னு 1773ல எல்லைத் தூண்கள் நட்டாங்க. அதுல ஒண்ணு இன்னைக்கும் பாரிமுனையில டேர் ஹவுஸ் வளாகத்துல நிக்குது. இடிச்ச ஊர் இருந்த இடத்துலதான் 1892ல திறந்த ஹைகோர்ட் கட்டடம் இருக்கு. வடக்கே தள்ளிப் போன புது ஊர்தான், பின்னால ஐந்தாம் ஜார்ஜ் பேரால ஜார்ஜ் டவுன் ஆச்சு. தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, மண்ணடி எல்லாம் இந்தப் புது ஊர்தான்.

கம்பெனிக்கு ஒருத்தர் தேவைன்னா மட்டும் இடம் தானா கிடைச்சுது. துணி வேணும், அதனால நெசவாளிகள் வேணும். அவங்களைக் குடியேத்தவே 1734ல சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினாங்க. நம்ம சேலம் சீமை 1792ல திப்புகிட்ட இருந்து கம்பெனி கைக்கு வந்ததும், இங்கயே வந்து துணி கொள்முதல் பண்ண ஆரம்பிச்சாங்க. ஆக நம்மூர் நெசவாளியோட துணி கடல் தாண்டிப் போச்சு, நெசவாளி பட்டணம் போக வேண்டிய அவசியமே வரல.

ரயில் வாசல்

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடுச்சு. 1860களின் தொடக்கத்துல தண்டவாளம் சேலத்தைத் தொட்டுது. ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி சூரமங்கலத்துல. இன்னைக்கும் சேலம் ஜங்ஷன் அங்கதான். மாட்டு வண்டியில நாள் கணக்குல போக வேண்டிய தூரம் ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு.

மெட்ராஸ்ல 1873ல சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. உடனே தங்குற இடமும் கோட்டைப் பக்கத்துல இருந்து ரயிலடிக்கு நகர ஆரம்பிச்சுது. சென்ட்ரலுக்குப் பக்கத்துல 1880கள்ல ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டின சத்திரம் அதுக்கு அடையாளம். பார்க் டவுன், பெரியமேடு பக்கம் இன்னைக்கும் தடுக்கி விழுந்தா லாட்ஜ் இருக்குன்னா, அதுக்கு விதை அப்ப போட்டது.

ஆனா அதே ரயில்ல வந்த இன்னொரு கூட்டமும் உண்டு. 1860 அக்டோபர்ல 'ட்ரூரோ'ங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவுல இருக்குற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏத்திகிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவும் அதுல மோசமா அடிவாங்குச்சு. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம்னு பல ஜில்லாக்கள்ல இருந்து கூலிக்குக் கப்பல் ஏறினவங்க நிறைய. கப்பல் வர்ற வரைக்கும் அவங்களை டெப்போவுல வச்சிருப்பாங்க. "எந்த ஏரியா நல்லா இருக்கும்"னு கேக்கவே வாய்ப்பு இல்லாம இந்த நகரத்துல தங்கினவங்க அவங்க. 1917ல ஒப்பந்தக்கூலி ஆள் அனுப்புறதை நிறுத்துற வரைக்கும் இது நடந்துச்சு. நேட்டால் பக்கம் யாராச்சும் கவுண்டர்னோ படையாச்சின்னோ பேருக்குப் பின்னால போட்டிருந்தா, அவங்க கொள்ளுத்தாத்தாவோட இந்திய மண்ணுல கடைசி ராத்திரி, அனேகமா மெட்ராஸ்ல ஒரு டெப்போவுலதான்.

துறைமுகம்னு ஒண்ணைக் கட்ட ஆரம்பிச்சதே 1875லதான். 1881 புயல்ல கட்டினது பெருசா இடிஞ்சு போச்சு. 1904ல பொறுப்பேத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துலதான் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாத்தி அமைச்சு, உருப்படியான துறைமுகமா ஆச்சு.

முப்பது ரூபாய் குமாஸ்தா

அந்த ஸ்பிரிங் தலைவரா இருந்த போர்ட் டிரஸ்ட்ல 1912 மார்ச் 1ஆம் தேதி ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். மாசச் சம்பளம் முப்பது ரூபாய். ஈரோட்டுல பொறந்து கும்பகோணத்துல வளர்ந்தவர். பேரு ராமானுஜன். ஆமா, அவரேதான்.

அவருக்கும் நம்ம கேள்விதான்: எங்கே தங்குறது? முதல்ல பிராட்வேக்குப் பக்கத்துல சைவ முத்தையா முதலித் தெருவுல பாட்டியோட இருந்தார். ஆபீஸுக்குப் பக்கம். அப்புறம் திருவல்லிக்கேணியில ஹனுமந்தராயன் கோயில் தெருப் பக்கம் மாறிட்டார். ஆபீஸ் தூரமாச்சு. ஆனா போர்ட் டிரஸ்ட்ல அவருக்கு மேல இருந்த நாராயண ஐயர் வீடும் திருவல்லிக்கேணிதான். ராத்திரியில ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டு வச்சுகிட்டுக் கணக்குப் போடுவாங்களாம். 1913 ஜனவரி 16ஆம் தேதி போட்டு ஹார்டிக்கு எழுதின முதல் கடிதம் இந்தக் குமாஸ்தா வாழ்க்கையில இருந்து போனதுதான். பேச ஆள் இருக்குற ஏரியாதான் நல்ல ஏரியாங்கிறதுக்கு இதை விடப் பெரிய சாட்சி வேணுமா?

இன்னொரு சங்கதி நாமக்கல்காரங்களுக்கு. கடல் தாண்டலாமா வேண்டாமான்னு குழப்பம் வந்தப்ப, 1913 கடைசியில ராமானுஜன் நாராயண ஐயரோட நாமக்கல் வந்து, நாமகிரித் தாயார் கோயில்ல மூணு ராத்திரி படுத்திருந்ததா அவர் வாழ்க்கை வரலாற்றுல வருது. 1914 மார்ச் 17ல மெட்ராஸ்ல 'நெவாசா' கப்பல் ஏறினார். லாட்ஜும் இல்ல, வாடகையும் இல்ல. நம்மூர் மலையடிவாரக் கோயில்ல தங்கின மூணு ராத்திரி!

தெற்கே நகர்ந்த ஊர்

அவர் போன ஆறாவது மாசம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துப் பக்கம் வந்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திட்டுப் போச்சு. துறைமுகத்துக்குப் பக்கத்துல வீடுங்கிறது வசதியா, வம்பான்னு ஜனங்க யோசிச்சு மூட்டை கட்டின நேரம் அது.

விருந்தாளிகள் தங்கின விலாசத்தைப் பாத்தாலே ஊர் நகர்ந்த திசை தெரியும். 1915ல காந்தி வந்தப்ப ஜார்ஜ் டவுன்ல ஜி.ஏ. நடேசன் வீட்டுல தங்கினார். 1919ல வந்தப்ப கதீட்ரல் ரோட்டுல ராஜாஜி இருந்த வீட்டுல. ராஜாஜி சேலத்துல வக்கீல் தொழில் பண்ணி, சேலம் நகராட்சித் தலைவரா இருந்துட்டு, அப்பத்தான் மெட்ராஸுக்குக் குடி வந்திருந்தார். துறைமுகத்துக்கு எதிர்ல இருக்குற பழைய நார்த் பீச் ரோடு இப்ப ராஜாஜி சாலைதான்.

காசு இருந்தா மட்டும் எல்லா வாசலும் தெறந்துடலைங்க. சத்திரம்னாலும் சாப்பாட்டுக் கடைன்னாலும் சாதி கேட்ட காலம் ரொம்ப நாள் இருந்துச்சு. 1944ல சேலம் மாநாட்டுல திராவிடர் கழகம்னு பேர் மாத்திகிட்ட இயக்கம், 1957ல திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசல்ல, "பிராமணாள்"ங்கிற போர்டை எடுக்கச் சொல்லிப் போராடுச்சு. "எங்கே தங்கலாம்"ங்கிறதுக்கு முன்னால "எங்கே உக்காந்து சாப்பிட விடுவாங்க"ன்னு ஒரு கேள்வி இருந்ததை நாம மறந்துடக் கூடாது.

பஸ் வாசல், லாரி வாசல்

எங்க அப்பா தலைமுறைக்கு மெட்ராஸ்னா பிராட்வே பஸ் ஸ்டாண்ட். இறங்கினா பூக்கடை, பர்மா பஜார், சுத்தியும் லாட்ஜ். 2002 நவம்பர்ல வெளியூர் பஸ் எல்லாம் கோயம்பேடுக்குப் போச்சு. 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் திறந்தாங்க. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியா வர்ற நம்ம சேலம் பஸ் இப்ப அங்கயே நிக்குது. துறைமுகம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல. வாசல் நகர்ந்தா லாட்ஜும் கூடவே நகரும். கோயம்பேடு சுத்தி அப்படி முளைச்சதை நாம கண்ணாலயே பாத்தோம்.

லாரிக்காரங்க கதை மட்டும் வேற. எங்க அப்புச்சி லாரி ஓட்டினவரு. மெட்ராஸ் ஹார்பருக்கு லோடு ஏத்திட்டுப் போன கதை ஆயிரம் சொல்லுவாரு. ஒரு கதையிலயும் லாட்ஜுங்கிற வார்த்தை வந்ததில்ல. லோடு மேல தார்ப்பாய், தார்ப்பாய் மேல அவரு. மழை வந்தா வண்டிக்கு அடியில. நாமக்கல்ல பாடி கட்டின வண்டி இந்தியா பூரா ஓடுது, ஓட்டுறவனுக்கு அந்த கேபின்தான் ரூம். துறைமுகத்துக்குப் போற எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்க வரிசை கட்டி நிக்குறப்ப, ரூம் போட்டாலும் வண்டியை விட்டு இறங்கிப் போக முடியாது. 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகுற லாரிகளுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு விதி வந்திருக்கு. அவங்க "ஏரியா"வுக்குக் கிடைச்ச முதல் வசதின்னு இதைத்தான் சொல்லணும்.

சரி, எங்கதான் ரூம் போடறது?

இவ்வளவு கதை சொல்லிட்டு பதில் சொல்லாமப் போனா அடிக்க வருவீங்க. நான் இப்ப ஊர்க்காரங்களுக்குச் சொல்றது இதுதான்:

ஏற்றுமதிக் காகிதம், கஸ்டம்ஸ், ஷிப்பிங் ஏஜென்ட் வேலைன்னா மண்ணடி - பாரிமுனை. இடுக்குத் தெரு, சத்தம் ஜாஸ்தி. ஆனா ராஜாஜி சாலைக்கு நடந்தே போயிடலாம், மண்ணடியில மெட்ரோவும் இருக்கு.

ஜெனரல் ஆஸ்பத்திரி, கண்ணாஸ்பத்திரி, குழந்தைகள் ஆஸ்பத்திரின்னா பெரியமேடு - எழும்பூர். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு வரும், சேலம் எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு வரும். 2013ல ரயில் கிடைச்ச நாமக்கல்காரங்க ரயிலையே பாருங்க.

வேலை தேடி வர்ற பசங்கன்னா இன்னும் திருவல்லிக்கேணி மேன்சன்தான். கையில காசு கம்மியா இருந்தாலும் மெஸ் இருக்கு, பீச் இருக்கு, பேச ஆள் இருக்கு. ராமானுஜன் கணக்கு தப்பாது :)

வேலை தாம்பரம், ஓஎம்ஆர் பக்கம்னா ஊருக்குள்ளயே வராதீங்க. கிளாம்பாக்கத்துல இறங்கி அப்படியே போயிடுங்க.

லாரியில வர்றவங்க யாரும் எனக்கு போன் பண்ணி ஏரியா கேட்டதில்ல. கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட பதிலும் இல்ல. முன்னூத்தி எண்பது வருஷமா சரக்குக்கு இந்த ஊர் கிடங்கு மேல கிடங்கு கட்டியிருக்கு, சரக்கைக் கொண்டுவர்றவன் கால் நீட்டிப் படுக்க ஒரு இடம்தான் இன்னும் சரியா அமையல.

உங்க ஊர்ல இருந்து மெட்ராஸுக்கு வந்த பெரியவங்க எங்க தங்கினாங்கன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. தெருப் பேரோட சொல்லுவாங்க. கேட்டதை எழுதுங்க, படிக்க நான் ரெடி.