ஒரே அச்சுக் கார்களின் பந்தயம்

மோட்டார்ப் பந்தயத்தில் வெல்வது காரா, ஓட்டுபவரா? பல நாட்டாரையும் வாட்டிய இவ்வினாவிற்கு அமெரிக்கர் 1973-இல் ஒரு விடை கண்டனர். புகழ்பெற்ற ஓட்டிகள் பன்னிருவரைத் திரட்டி, அனைவருக்கும் ஒரே வகைப் போர்ஷே கார்களைக் கொடுத்தனர்; மார்க் டோனஹ்யூ என்பார் வாகை சூடினார். அடுத்த தொடரிலிருந்து கமாரோ என்னும் பேராற்றல் வாய்ந்த அமெரிக்கக் கார் களமிறங்கிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது போன்ற முறை இது. பள்ளியாசிரியனான எனக்கு இதில் ஈடுபாடு தோன்றியதில் வியப்பில்லை.

இம்முறை தமிழகத்தில் வேரூன்றிய கதை சுவையானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தாரால் பந்தயக் களமாயிற்று. பல்லாயிரம் மக்கள் திரண்டனர். ஆயினும் அங்கே சமநிலை ஏது? எளியவர்கள் பியட், ஹெரால்டு, அம்பாசிடர் கார்களைத் தாமே திருத்தி ஓட்ட, செல்வர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வரவழைத்தனர். விஜய் மல்லையா என்சைன் கார் ஓட்டியதும் அக்களத்தில்தான்.

இந்நிலையை மாற்றியவர் கோயம்புத்தூர் சு. கரிவரதன். நூற்பாலைத் தொழிலில் ஊறிய இவர், 1983 இறுதியில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியொன்றை உருவாக்கினார். ஊர்தோறும் ஓடிய காரின் எஞ்சினாதலால் உதிரிப் பாகம் எளிதில் கிடைத்தது. பழுது பார்க்கவும் ஆள் இருந்தனர். 'பார்முலா மாருதி' என வழங்கிய இவ்வண்டிகளில் இளைஞர் பலர் பயின்றனர். பந்தயங்களும் சோழவரத்தை விட்டு, 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட தடத்திற்கு மாறின. கருண் சந்தோக் 2000-ஆம் ஆண்டில் இவ்வகையில் தேசிய வெற்றியாளரானார்.

கோவை நாராயண் கார்த்திகேயனும் இப்பள்ளியில் பயின்றவரே. முதற் பந்தயத்திலேயே முதல் மூவருள் இடம்பெற்ற இவர், 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு மார்ச் 20-இல் நம் சிப்பாங்கில் பதினோராவதாக வந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: அவர் தந்தையாரே பெயர்பெற்ற பந்தய வீரர், சந்தோக்கின் பாட்டனாரோ சென்னைக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். ஒரே அச்சுக் கார் களத்தினுள் சமநிலை தந்தது. களத்தின் வாயிலில் அன்று. டயருக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அவ்வாயிலை எட்டுவது எங்ஙனம்?

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே, பத்து தீகாவில், 1968-இல் நமக்கும் ஒரு தடம் அமைந்தது. 1962 முதல் 1965 வரை 'மலேசிய கிராண்ட் பிரீ' சிங்கப்பூர் தாம்சன் சாலையில் நடந்தது. பிரிவினைக்குப்பின் அப்பெயர்ப் பந்தயம் பத்து தீகாவிற்கு வந்தது. 1999-இல் சிப்பாங் எழவே, பழைய தடத்தின் பெருமை மங்கிற்று. ஒரே வகை டொயோட்டா வியோஸ் கார்களைக் கொண்டு நடத்தும் தொடர் இந்நாட்டில் 2017-இல்தான் தொடங்கியது.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயர் தாங்கிய தடம் திறக்கப்பட்டது 2003-இல். பத்து தீகா தடம் இடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.